திருடன் வீட்டுத் திருட்டு

எங்கள் தெருவில் காவல் குழு என்று ஒன்று முளைத்ததற்கு ஒரே காரணம் என் புருஷன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பூட்டு உடைக்கிற வேலை பார்த்தார். இரண்டு முறை மாட்டினார். இரண்டாம் முறை உள்ளே இருந்தபோது வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தார். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். குடிக்கிறவன், அடிக்கிறவன், சந்தேகப்படுகிறவன் என்று என் அக்காமார்களுக்கு வாய்த்த மாப்பிள்ளைகளைப் பார்த்தவள் நான். திருந்திய திருடன் எனக்கு ஒன்றும் மட்டமான வரனாகத் தெரியவில்லை.

இந்தத் தெருவுக்குக் குடிவந்து, பின்பக்கக் கொட்டகையில் பட்டறை போட்டோம். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. உடனே போலீசும் பொதுமக்களும் கைகோத்துத் திருட்டைத் தடுப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு பச்சைச் சட்டை, ஆளுக்கொரு விசில். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தலைவரானார். வேலையில் இருந்த காலத்தில்கூட மனுஷன் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை என்று அவர் மனைவியே சொல்வார். மருந்துக்கடைக்காரர் துணைத்தலைவர். மாதா மாதம் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரம்மா வந்து பேசிவிட்டுப் போவார். எங்களுக்கு மட்டும் அழைப்பு கிடையாது. எலிகள் கூடிப் பேசும் இடத்துக்குப் பூனையை யார் கூப்பிடுவார்கள்?

முதல் கூட்டத்திலேயே எல்லா ஜன்னலுக்கும் கனமான கம்பி போடுவது என்று தீர்மானம். சரி, கம்பி வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர் யார்? என் புருஷன்தான். ஆக, அவருக்குப் பயந்து அவரிடமே கம்பி வாங்கினார்கள். அவர் அளவெடுக்கும்போது வீட்டு ஆட்கள் முறைவைத்துப் பின்னால் நிற்பார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் கையைப் பார்ப்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புது கேட் அளவெடுக்கப் போயிருந்தார். நான் தையல் கூடத்தில் வேலை முடித்துத் திரும்பினால், கொட்டகைப் பூட்டு அறுந்து தொங்குகிறது. வெல்டிங் மெஷின் இல்லை, கிரைண்டர் இல்லை, டிரில் இல்லை. என் பின்னாலேயே வந்து சேர்ந்தவர், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டைக் கையில் எடுத்தார்.

"கத்துக்குட்டிப் பசங்க. பூட்டைப் போய் அறுத்திருக்கானுங்க. கொண்டியில ஸ்க்ரூவைக் கழட்டியிருந்தா சத்தமே வந்திருக்காது."

"மார்க் போட்டு முடிச்சாச்சுன்னா உள்ள வந்து பாருங்க," என்றேன்.

வந்தார். மெஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பள்ளி திறப்பதற்குள் கேட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வேலை போகும். மெஷின் இல்லாவிட்டால் எந்த வேலையும் கிடையாது. ஜெயிலுக்குப் போய் வந்த ஆளை எந்தக் கம்பெனி கூப்பிட்டு வேலை கொடுக்கும்? அந்த இரும்புதான் எங்கள் சோறு.

"எழுந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"போயி? எங்க வீட்டுல திருடிட்டாங்கன்னு சொல்றதா? உருண்டு உருண்டு சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, அந்த மெஷினை நீ எங்கடா திருடினேன்னு கேப்பாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்று சும்மாவா சொன்னார்கள்? எத்தனையோ வருஷமாக நேர்மையாக உழைத்த மனுஷன், தன் பொருள் போனதற்கு வாய்விட்டு அழக்கூட உரிமை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தேன்.

அங்கே ஒரே கொண்டாட்டம். பச்சைச் சட்டைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் சோபாவில் குப்புறப் படுத்திருக்க, அவர் இடுப்பில் யாரோ தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைவர் எழுந்து வந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"மனசைத் தேத்திக்கம்மா. சட்டம் தன் கடமையைச் செய்யும். உன் மேல எங்களுக்கு ஒண்ணும் கோபமில்ல."

"என்ன சார் கடமை?"

"அதான் மத்தியானம் வந்து பறிமுதல் பண்ணிட்டாங்களே. திருட்டுச் சாமானையெல்லாம். நாங்கதான் கூட நின்னு வண்டியில ஏத்தி விட்டோம். மெஷின் என்னா கனம்! பாவம், இவருக்கு இடுப்புப் பிடிச்சிக்கிச்சு."

என் குரல் நானே எதிர்பார்க்காத அளவுக்குப் பணிவாக வந்தது.

"போட்டோ ஏதாவது எடுத்தீங்களா சார்?"

எடுக்காமலா! குழுவின் முதல் வெற்றியாயிற்றே. போனை நீட்டினார். எங்கள் வாசலில் ஒரு வேன், நம்பர் பளிச்சென்று தெரிகிறது. காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் தலைவர், ஒரு கையில் எங்கள் கிரைண்டர், மறு கை கட்டைவிரலை உயர்த்தியபடி.

"எனக்கும் ஒண்ணு அனுப்புங்க சார்," என்றேன். அனுப்பினார். என் போனில் வந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். "வந்தவங்க போலீஸ்னு யார் சொன்னது?"

"காக்கிச் சட்டை போட்டிருந்தாங்களேம்மா."

"காக்கிச் சட்டையை லாரி டிரைவரும்தான் போடுறார். அடையாள அட்டை கேட்டீங்களா?"

"பறிமுதலான்னு கேட்டோம். ஆமா சார்னாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. சோபாவிலிருந்து "ஐயோ" என்று ஒரு முனகல். அது இடுப்புக்கா, விஷயத்துக்கா என்று தெரியவில்லை. நான் திரும்பி வந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்து போட்டோவை என் புருஷனிடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே தலைவர் பின்னால் வந்துவிட்டார். இவ்வளவு நாளில் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிறார். பச்சைச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, நாங்களே எல்லாரும் சேர்ந்து உனக்குப் புது மெஷின் வாங்கித் தர்றோம். இதைவிட நல்லதா. ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டாம். அடுத்த வாரம் பெரிய அதிகாரி வந்து, குற்றமில்லாத தெருன்னு நமக்குக் கேடயம் குடுக்கறார்."

என் புருஷன் என்னைப் பார்த்தார். வாங்கிக்கலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். புது மெஷின் வந்தால் கேட் நிற்கும், சோறு கிடைக்கும். மானம் ரோஷம் எல்லாம் வயிறு நிறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தலைவர் அத்தோடு வாயை மூடியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தவளைக்கு வாயால்தானே கேடு?

"யோசிச்சுப் பாரு தம்பி," என்று சிரித்தார். "உன் வீட்டுல திருடினா அதெல்லாம் ஒரு திருட்டா?"

என் புருஷன் மெதுவாக எழுந்தார். "இந்தாம்மா, அந்த இஸ்திரி போட்ட சட்டையை எடு," என்றார்.

ஸ்டேஷன் வாசல் வரை விறுவிறுவென்று நடந்தவர், படியேறியதும் ஆளே மாறிப்போனார். மேஜையில் இருந்த, இவரை அந்தக் காலத்திலேயே தெரிந்த போலீஸ்காரர் தலை நிமிர்ந்து, "என்னடா, ரொம்ப நாளாச்சு. இப்ப எங்க கை வெச்ச?" என்றார். அவ்வளவுதான். இவர் கால் தானாகச் செருப்பை உதறியது. உடம்பு தானாகச் சுவரோரம் போய்க் குந்தியது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"எழுந்திரிங்க. நாம புகார் குடுக்க வந்திருக்கோம்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அந்தப் போலீஸ்காரம்மா வந்தார். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கதான் மாசாமாசம் வர்றேன். உங்களைக் கூட்டத்துல பார்த்ததே இல்லையே?"

"எங்களைத் தடுக்கத்தான் மேடம் கூட்டமே," என்றேன்.

போட்டோவை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "கழுத்துல விசிலோடயே தூக்கிட்டு நிக்கிறாரே!" என்றவர், வேன் நம்பரை மேஜை ஆளிடம் சொல்லி உடனே தேடச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் புருஷனைப் பார்த்து, "உக்காருங்க சார்," என்றார்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. நான்தான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். ஜெயிலுக்குப் போனபோதெல்லாம் அழாத மனுஷன் என்று அவர் அம்மா சொல்வார். அன்று மெஷினின் நிறத்தைச் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கும் தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். போலீஸ்காரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியாக நிமிர்ந்தார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இந்த ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் அந்தக் கேள்விக்குப் பல வருஷமாக ஒரே பதில்தான். அந்தப் பதில் இப்போது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம யாரையும் சொல்லக் கூடாதுங்க மேடம்," என்றது.