சம்பந்தி ஊற்றிய ஸ்காட்ச்

பல் டாக்டர் சம்பந்தி பாட்டிலை மேசைமேல் வைத்ததுமே லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடம்பு சோர்ந்துபோனது. அவர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. குடித்துத் திரிந்த காலத்தில்கூட இவ்வளவு களைப்பு வந்ததில்லை. வேண்டாம், வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லியே மனுஷன் பாதி ஆகிவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வம்பை இழுத்துவிட்டது அவர் மகள்தான். கல்யாணத்தன்று அவர் மேல் அடித்த நாற்றத்தை மறைக்க, அப்பா ஸ்காட்ச்சில் பெரிய ரசிகர், எப்போதாவது ஒரு வாய் ரசித்துக் குடிப்பார் என்று மாமனாரிடம் அளந்துவிட்டாள். மானம் தப்பியது. டாக்டரோ அதை அப்படியே நம்பி, ரசனை தெரிந்த சம்பந்தியோடு திறப்பதற்கென்றே இந்த நல்ல பாட்டிலைப் பூட்டி வைத்திருந்தார். மெக்கானிக்கோ மலிவுச் சரக்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தவர். ரசனையாவது, மண்ணாவது.

உண்மையைச் சொன்னால் மகள் புகுந்த வீட்டில் தலைகுனிந்து நிற்க வேண்டும். குடித்தால் ஒன்றோடு நிற்காது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஒன்று விடாமல் பாடம் எடுத்தார். அடி பெருத்து வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றினார். ஐஸ் போட்டால் வாசனை செத்துவிடுமாம். கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காமல், மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்து மோந்து பார்க்க வேண்டுமாம். அப்புறம் சின்னதாக ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒளிந்திருக்கும் வாசனையும் வெளியே வரும். தண்ணீர் கேட்டு மருமகளுக்கு இரண்டு தடவை குரல் கொடுத்தார். அவள் வரவில்லை.

"தேன், சுட்ட ஆப்பிள், கொஞ்சம் புகை. உங்களுக்கு என்ன தெரியுது சம்பந்தி?"

மெக்கானிக் மோந்தார். தேன் நிஜமாகவே இருந்தது. புகையும் இருந்தது. இத்தனை வருஷம் குடித்தும் இதையெல்லாம் நின்று பார்த்ததில்லையே என்று வயிறெரிந்தது. இது குடி இல்லை, ரசனை என்று உள்ளே ஒருவன் நைசாகப் பேச ஆரம்பித்தான். ஒரு வாய்தானே. மகளின் மானமும் தப்பும். கை தானாக உயர்ந்து, கிளாஸின் விளிம்பு உதட்டில் பட்டது.

மகள் விறுவிறுவென்று வந்து கிளாஸைப் பிடுங்கினாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் மாமா. அப்பா ரசிகர் இல்ல, குடிகாரர். இப்ப விட்டுட்டார்."

டாக்டர் வெகுநேரம் மேசைமேல் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. பாட்டிலை மூடிக்கொண்டு, என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று முனகியபடி உள்ளே போனார். பாவம், ஆசையாகக் காத்திருந்த மனுஷன்.

மெக்கானிக்கால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"குடிச்சிருப்பேன்மா. நல்லவேளை, நீ வந்துட்ட."

"நான் இப்ப வரலப்பா. தண்ணிய வச்சுக்கிட்டுக் கதவுக்குப் பின்னாடியேதான் நின்னேன்." அவள் குரலும் ஓய்ந்துபோயிருந்தது. "நீங்களே கீழ வச்சிடுவீங்கன்னு பார்த்தேன்."