நண்டு போட்ட ஆடிக்கூழ்

லூர்த்தம்மாவின் நாக்குக்கு இரண்டு வேலை. ஒன்று ருசி பார்ப்பது. மற்றது, பார்த்ததை ஒளிக்காமல் சொல்வது. குருநகர்ச் சந்தையில் முப்பது வருடமாக மீன் விற்கிறவள், தன் பலகையில் கிடக்கிற மீனையே காட்டி, "உது நேற்றையான் பிள்ளை, உனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். அந்த வாயை நம்பியே கோண்டாவிலில் இருந்தும் சைக்கிள் மிதித்து வருகிற வாடிக்கைக்காரர் உண்டு. அதே வாயால்தான் கூடப்பிறந்த தம்பியையும் இழந்து நின்றாள்.

இழந்தாள் என்றதும் பதறவேண்டாம். தம்பி கிறகோரி நல்ல சுகத்தோடு ஐந்து வீடு தள்ளித்தான் இருக்கிறான். அக்காவோடு கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் கிறகோரியின் மகள் வசந்தினியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தாயில்லாத வசந்தினியைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவள் லூர்த்தம்மாதான். அந்தப் பிள்ளை முதன்முதலாக அறுபது பேருக்குத் தானே நின்று சமைத்தாள். பதற்றத்தில் மீன்குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். வந்தவர்கள் சோற்றைக் கூட்டிப் பிசைந்து சமாளித்துக்கொண்டிருக்க, பந்தியின் நடுவில் இருந்த லூர்த்தம்மா, "என்ன பிள்ளை, கடல்தண்ணியை அள்ளிக் காய்ச்சினனியோ?" என்று கேட்டாள். பந்தி முழுதும் சிரித்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய வசந்தினி ஆட்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

"உனக்கு நல்லதா ஒரு சொல்லுச் சொல்லத் தெரியாதோ?" என்று கேட்டான் கிறகோரி.

"உப்பெண்டா உப்பெண்டுதானே சொல்லலாம்?"

அக்காவும் தம்பியும் கடைசியாகக் கதைத்தது அதுதான். பூசைக்குப் போனால் அவன் இடப்பக்க வாங்கில் குந்துவான், இவள் வலப்பக்க வாங்கில். தான் சொன்னது சரி என்று லூர்த்தம்மா இரண்டு வருடமாகப் புருசன் கிறிஸ்ரோபருக்கு விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தாள். கிறிஸ்ரோபர் எல்லாவற்றுக்கும் ஓம் போடுகிற மனிதர். ஆனாலும் தம்பியின் படகுச் சத்தம் கேட்டால் அவள் கை வேலையை நிறுத்திவிடும். அவனுடைய "அக்கா" என்ற ஒரு சொல்லுக்கு அவள் ஏங்கிப் போயிருந்தாள் என்பதே உண்மை.

அந்த இரண்டாவது வருடம்தான் நாடு கடனில் முறிந்து ஒன்றுமே இல்லாமற் போனது. சமையல் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. வீட்டுக்கு வீடு தனித்தனியாக அடுப்பு மூட்டி விறகை வீணாக்குவானேன் என்று ஒழுங்கையின் இரு பக்கத்து வீட்டுச் சனமும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனசமூக நிலையத்து முற்றத்தில் ஒரே அடுப்பு, அண்டா அளவில் ஒரே கிடாரம். பூசணிக்காய் இருக்கிறவர் பூசணிக்காய், அரிசி இருக்கிறவர் அரிசி. யார் தலைமை என்று யாரும் கேட்கவில்லை. அகப்பை தானாகவே லூர்த்தம்மாவின் கைக்கு வந்துவிட்டது.

ஆடி மாதம் பிறக்கிற வாரத்தில் மண்ணெண்ணெய் கொஞ்சம் வந்தது. படகுகள் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை கூழ் என்று லூர்த்தம்மா அறிவித்தாள். சனிக்கிழமை காலை துறையடிக்குப் போய்வந்த கிறிஸ்ரோபர் வழக்கத்துக்கு மாறாக வேகமாக நடந்து வந்தார்.

"இஞ்சை, கிறகோரி நாளைக்கு விடிய நண்டு தாறானாம். கூழுக்குத் தானும் வாறானாம்."

"ஆர் சொன்னது?"

"அவன்தான். 'கனகாலம் அத்தான் ஒழுங்கையிலை கூழ் குடிச்சு' எண்டு சொன்னான்."

லூர்த்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. கூழ் கொஞ்சம் பிசகினாலும், ஊராரின் சமையலைப் பழித்தவள் காய்ச்சின இலட்சணத்தைப் பார் என்று அவன் திரும்பிப் போய்விட்டால்? இந்தக் கூழ் அவளுடைய ஆயுளிலேயே திறமான கூழாக இருக்கவேண்டும். வேலைகளை ஒவ்வொருவருக்காகப் பிரித்துக் கொடுத்தாள்.

மேல்வீட்டுக்கு வாடகைக்கு வந்து இரண்டு மாதமான குணலட்சுமிக்கு மாக் கரைக்கிற வேலை. நெல்லியடிக்காரி, யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை. பெற்றோல் இல்லாமல் ஸ்கூட்டி ஓடாது என்றபடியால் இங்கே அறை எடுத்தவள். புருசன் வவுனியாவில். காலையில் திருநீற்றோடு இறங்கிப் போவாள், பின்னேரம் ஏறிப்போய்க் கதவைச் சாத்துவாள். எல்லாருக்கும் ஒரு சிரிப்பு, அதற்குமேல் இல்லை. படிக்கட்டில் வைத்து லூர்த்தம்மா அவளைப் பிடித்தாள்.

"பிள்ளை, நாளைக்கு ஒழுங்கையிலை கூழ். நீங்கள் மாவைக் கரைச்சுத் தந்தாச் சரி. அதுக்கு அடுப்பும் தேவையில்லை."

குணலட்சுமியின் கண் விரிந்தது. "நாளைக்கோ அக்கா? உண்மையாவோ?"

"ஓம். ஏன், வேறை அலுவல் இருக்கோ?"

"சீச்சீ, இல்லையக்கா! மா என்னட்டையே இருக்கு. அம்மா நெல்லியடியிலையிருந்து தந்துவிட்டவ. எல்லாம் சேர்த்து நானே கரைச்சுக் கொண்டுவாறன்."

சொல்லிக்கொண்டே இரண்டு இரண்டு படியாக ஏறி ஓடினாள். ஒரு வாளி மாக் கரைக்க இதற்கு என்ன சந்தோசம் என்று லூர்த்தம்மா யோசித்தாள். வடமராட்சிப் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா கிடைக்கப்போகிறது என்ற சந்தோசத்தில் அந்த யோசனை கரைந்துபோனது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அடுப்பு மூண்டது. கிறிஸ்ரோபர் தென்னம்மட்டையைத் தள்ளித் தள்ளி எரித்தார். மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி, எல்லாம் கொதித்தன. மீன்தலையும் இறாலும் போயின. கடைசியாகக் கிறகோரியின் நண்டுகள். அவற்றைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டாள் லூர்த்தம்மா. முருங்கையிலையைத் தூவி, அரைத்த மிளகாயும் பழப்புளியும் விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்த்தாள். அவளுடைய நாக்குக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி ஒடியல் மாக் கரைசலை ஊற்றி இறுக்கினால் கூழ். அந்த நேரம் பார்த்து மூடிபோட்ட வாளியோடு குணலட்சுமி வந்தாள். பட்டுச்சீலை கட்டியிருந்தாள். வாளியை முற்றத்து வாசல் படலையடியில் வைத்துவிட்டு, "அக்கா, மா! மேலை இன்னுமொரு சாமான் கிடக்கு, எடுத்துக்கொண்டு ஓடிவாறன்" என்று திரும்பி ஓடினாள். கிடாரத்தை அவள் எட்டியும் பார்க்கவில்லை. மீன் மணம் மூக்கில் ஏறித்தான் இருக்கும். ஆனால் குருநகரில் இருப்பவர்கள் அதை ஒரு மணமென்று கணக்கெடுப்பதில்லை.

வேறு நாளென்றால் லூர்த்தம்மா மூடியைத் திறந்து, மணந்து, விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாள். அன்றைக்கு மூடியைத் திறக்கவும், முனையில் நின்ற அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வெள்ளைச் சாரம் கட்டிய கிறகோரி ஒழுங்கைக்குள் திரும்பவும் சரியாக இருந்தது. கண் தம்பியில். கை வாளியில். மண்ணிறமாய் இருந்த கரைசல் முழுவதும் கிடாரத்துக்குள் போய் விழுந்தது.

கிறிஸ்ரோபர் துழாவினார். கூழ் நன்றாகவே இறுகியது. லூர்த்தம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்குக் கொடுக்குமுன் கடைசியாக ஒருதரம் ருசி பார்த்தாள்.

இனித்தது. பனங்கட்டி. தேங்காய்ப்பால். ஏலக்காய். அதற்குள் நண்டும் மிளகாயும்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. இரண்டு வருடம் காத்திருந்த நாள், இப்படியா போகவேண்டும்? "எந்த விசரி" என்று தொடங்க வாயைத் திறந்தாள். சனம் விலகி வழிவிட்டது. ஒரு பெரிய தட்டு நிறையக் கொழுக்கட்டையோடு குணலட்சுமி வந்துகொண்டிருந்தாள்.

"ஆடிக்கூழுக்குக் கொழுக்கட்டை இல்லாமலோ அக்கா? விடிய நாலு மணிக்கு எழும்பி விறகிலை அவிச்சனான்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ராத்திரி அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னனான். இந்த ஆடிப்பிறப்புக்குத் தனிய இருக்கப்போறன் எண்டு அழுதுகொண்டிருந்தனான் அம்மா, இஞ்சை வேதக்காரச் சனம் எனக்காண்டி நாள் பார்த்துக் கூழ் காய்ச்சுதுகள் எண்டு. அம்மாவும் அழுதவ."

ஆடி முதலாந் திகதி சைவ வீடுகளில் இனிப்புக்கூழ் காய்ச்சுவார்கள் என்பது அந்த முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஞாயிறுதான் ஆடி முதலாந் திகதி என்பது ஒருவருக்கும் தெரியாது. கூழ் என்றதும் லூர்த்தம்மாவின் மனத்தில் ஒன்று கொதித்தது, குணலட்சுமியின் மனத்தில் வேறொன்று.

அப்போது கிடாரத்தில் ஒரு நண்டுக்கால் மிதந்து மேலே வந்தது. குணலட்சுமி அதைப் பார்த்தாள். லூர்த்தம்மாவின் கையில் இருந்த வெறும் வாளியைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

"ஐயோ அக்கா. ஒடியல் கூழோ? எல்லாற்றை சாப்பாட்டையும் நான் பழுதாக்கிப் போட்டன்."

முகம் சிவந்து, கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறையைத் தேடுகிற மாதிரி அங்குமிங்கும் பார்த்தாள். அந்தப் பார்வையை லூர்த்தம்மா முன்பும் ஒருதரம் பார்த்திருக்கிறாள். பந்தியின் நடுவில், உப்புக் கையோடு நின்ற ஒரு பிள்ளையின் முகத்தில். அன்றைக்கு அதைப் பார்த்தும் சிரித்தவள் அவள்.

ஒழுங்கையே லூர்த்தம்மாவின் வாயைப் பார்த்தது.

அவள் பனையோலையில் கோலிய பிளா ஒன்றை எடுத்து நிறைய ஊற்றினாள். ஊதினாள். ஒரே மூச்சில் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாதேங்கோ அக்கா."

"நான் பொய் சொல்லி ஆரும் கேட்டிருக்கிறியளோ?" என்று சனத்தைப் பார்த்து அதட்டினாள் லூர்த்தம்மா. "என்ரை வாய் உப்பெண்டா உப்பு, புளிப்பெண்டா புளிப்பு. சொல்லுங்கோவன்!"

யாரும் கேட்டதில்லை. அது உண்மைதான். கிறிஸ்ரோபர்தான் முதலில் பிளாவை நீட்டினார். குடித்துவிட்டு, "ஓம், நல்லாயிருக்கு" என்றார், வழக்கம்போல. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கூழையும் கொழுக்கட்டையையும் மாறிமாறிச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்கத்தான் செய்தது. எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. குணலட்சுமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பிடித்து நடுவில் இருத்தினார்கள். இரண்டு மாதத்தில் முதல்தரமாக அவள் நெல்லியடியைப் பற்றியும் புருசனின் குறட்டையைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினாள்.

எல்லாரும் குடித்த பிறகுதான் கிறகோரி கிடாரத்தடிக்கு வந்தான். லூர்த்தம்மா கூழை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவன், கண்ணை இறுக்கி மூடித் திறந்தான். பிளாவுக்குள் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"உனக்கு உப்பிடியும் சொல்லத் தெரியுமோ, அக்கா?"

அந்தச் சொல்லுக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தவள்தான். அது வரும்போது இப்படி நெஞ்சில் குத்திக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை. ஒரு சட்டியை எடுத்துக் கூழை ஊற்றினாள். மேலே ஒரு நண்டுக்கால் வைத்தாள். மூடினாள். சீலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வசந்தினி வீட்டு வாசலில் பிள்ளைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாமியைக் கண்டதும் எழும்பினாள். வாங்கோ என்று சொல்லவில்லை. போங்கோ என்றும் சொல்லவில்லை.

"கூழ்" என்றாள் லூர்த்தம்மா. "குடிச்சுப் பாத்துச் சொல்லு."

வசந்தினி சட்டியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது.

"என்ன மாமி இது! இனிக்குது, உறைக்குது. வாயிலை வைக்கேலாமல் கிடக்கு!"

"மெல்லச் சொல்லு பிள்ளை" என்று லூர்த்தம்மா ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மாக் கரைச்சவளுக்குக் கேட்டிடும்."

வசந்தினி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"எனக்குக் கேட்டது மாமி, அண்டைக்கு."

"ஓம். அதுதான் வந்தனான்."

உறுதியான குரலில் சொல்லத்தான் நினைத்தாள். முடியவில்லை. பிள்ளை அழாமல் நின்று, அழுகிற கிழவியை விநோதமாகப் பார்த்தது. வசந்தினி குசினிக்குள் போனாள். போனவள் திரும்பி வராமல் விட்டுவிடுவாளோ என்று லூர்த்தம்மா பயந்துகொண்டு நின்றாள்.

வந்தாள். கையில் ஒரு போத்தல். மூடியைத் திறந்து கூழுக்குள் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். திரும்ப ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு போத்தலை மூடிக் கையில் எடுத்து, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் காலில் மாட்டினாள்.

"நடவுங்கோ மாமி. கிடாரத்துக்கும் உப்புக் காணாது. உப்பு எங்கடை வீட்டிலை தாராளம்."