நார்மல் மஜ்ஜை

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றார் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். "சாரோட தலைக்கு நேர் மேல வரணும். ஒரு ஒளிவட்டம் மாதிரி."

ஊழியர் புரொஜக்டரை அதன் உயரமான ஸ்டாண்டோடு நகர்த்தினார். சவப்பெட்டிக்குள் படுத்திருந்த டாக்டரின் தலைமாட்டில் தொங்கிய வெள்ளைத் திரையில், ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பெரிய படம் ஆடி அசைந்து நிலைகொண்டது. ஒரு துளி எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப் வழியாக எடுத்த படம். அதன் கீழே தடித்த எழுத்தில், "தன் மஜ்ஜையையே ஆய்வுக்கு ஈந்த மாமனிதர்" என்று போட்டிருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த டீச்சர் இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தாள். டாக்டரின் மனைவி. பள்ளிக்கூட வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. படத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். வருகிறவர்களெல்லாம் பெட்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தலையைத் தாழ்த்திப் படத்துக்கும் கும்பிடு போட்டார்கள்.

உயிரோடு இருக்கும்போதே தன்னுடைய மஜ்ஜைக்கு இத்தனை மரியாதை நடப்பதைப் பார்க்கிற கொடுப்பினை அவளுக்கு வாய்த்திருந்தது. ஏனென்றால், அது டாக்டருடைய மஜ்ஜை இல்லை. அவளுடையது.

கல்யாணமான புதிதில் டாக்டர் இதே ஆராய்ச்சி நிலையத்தில் ஜூனியர். மஜ்ஜை கெட்டுப்போகிற நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். "தொழிற்சாலை ராப்பகலா ஓடும். வெளிய வர்ற சரக்கு மட்டும் கோணலா இருக்கும்," என்று சாப்பிடும்போது விளக்குவார். பிற்காலத்தில் நிலையத்தின் கமிட்டிக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு, அந்த நோய்க்கு இன்னும் நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது என்பார். இப்படிக் கோணலானதை ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டால், அது ரத்தப் புற்றுநோயாகத் திரும்புவதற்கு முன்பே பிடித்துவிடலாம். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆனால் கோணலைக் கோணல் என்று காட்ட, பக்கத்தில் நேரான ஒன்று வேண்டுமே. நோயாளிகளின் மஜ்ஜை அலமாரி அலமாரியாக இருந்தது. ஆரோக்கியமானவனின் மஜ்ஜைக்குத்தான் பஞ்சம். நன்றாக இருக்கிற எவன் வந்து இடுப்பெலும்பில் ஊசியை இறக்கச் சொல்லுவான்?

"என்னோடதையே எடுக்கப் போறேன்," என்று டாக்டர் அறிவித்தார். வீட்டில் மட்டுமல்ல, நிலையம் முழுக்க.

விடுமுறை நாள் ஒன்றில் வார்டு சிஸ்டர் ஒருத்தர் ஊசியோடு தயாராக நின்றார். டாக்டர் சட்டையைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுத்தார். சிஸ்டர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இடுப்பில் வைத்தார். ஊசி இன்னும் தட்டில்தான் இருந்தது. டாக்டர் போய்விட்டார்.

"சார் அவுட்டு," என்றார் சிஸ்டர்.

டிபன் கேரியரோடு வந்திருந்த டீச்சர், அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் விழித்தவர், நாளைக்கு எல்லோருக்கும் என்ன பதில் சொல்வது என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. அவரை எழுப்பிவிட்டு, அதே கட்டிலில் அவள் படுத்துக்கொண்டாள். ஊசியை டாக்டர்தான் இறக்கினார். அடுத்தவர் இடுப்பென்றால் அவர் கை நடுங்கியதே கிடையாது.

கட்டுரையில் "ஆரோக்கியமான நபர், ஒருவர்" என்று எழுதினார். படித்தவர்களெல்லாம் அந்த ஒருவர் அவர்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் ஆமாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது வந்து கையைக் குலுக்கிவிட்டார்கள். அந்தப் படமும் புத்தகம் புத்தகமாக ஏறிவிட்டது.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் அவளுக்கே காட்டினார். ஒரு வெள்ளையணு. அதன் கருவிலிருந்து குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னக் குமிழ் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது பொம்பளைங்களுக்குத்தான் இருக்கும். நூறு செல்லைப் பார்த்தா ரெண்டு மூணுல தெரியும்."

"அப்ப யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களே?"

"யாரு கண்டுபிடிப்பா? எல்லாரும் நோயைத்தான் தேடுவாங்க. நார்மலை எவன் உத்துப் பார்க்கறான்?"

அவர் சொன்னதுதான் நடந்தது. இதோ இப்போது அந்தக் குமிழ் திரையில் தேங்காய் அளவுக்கு நிற்கிறது. ஊரிலுள்ள ரத்தநோய் நிபுணர்கள் அத்தனை பேரும் அதன் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்க மஜ்ஜையைக் காவல் காத்தவரை, அவர் கவனிக்காமல் விட்ட இதயம் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அவளைக் கிட்டே கூப்பிட்டார். "அந்த ஊசி விஷயம்... நான் போனப்புறம் வேணும்னா சொல்லிடு."

"ஏன், இப்பச் சொன்னா என்னவாம்?"

"இருக்கும்போது சொன்னா சிரிப்பாங்க. செத்தவனைப் பார்த்து எவன் சிரிப்பான்?"

அனுமதி அவள் கையில் இருந்தது. சொல்வதா வேண்டாமா என்பதுதான் காலையிலிருந்து அவளைக் குடைந்தது. சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்தது தன்னுடையது என்று இனி சொல்ல ஒருத்தரும் மிச்சமில்லை. அந்த சிஸ்டரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

இயக்குநர் அவள் பக்கம் குனிந்தார். "மேடம், சார் பேர்ல வருஷா வருஷம் 'தியாக மஜ்ஜை விருது' கொடுக்கப் போறோம். நீங்க ரெண்டு வார்த்தை... அந்த நாளைப் பத்தி. நீங்களும் பக்கத்துல இருந்தீங்களாமே?"

"இருந்தேன்."

"அது போதும் மேடம். அதையே கொஞ்சம் உருக்கமா."

வங்கியில் மேனேஜராக இருக்கும் மகன் அவள் காதில் கிசுகிசுத்தான். "அம்மா, நீளமா இழுத்துடாத. நன்றின்னு சொல்லி முடிச்சிடு."

"எதுக்கு நன்றி?"

"பொதுவா சொல்றதும்மா."

அப்போதுதான் ஒட்டடை வந்தார். ஒட்டடைக்குச்சி உயரத்தில் இருந்ததால் டாக்டர் வீட்டுக்குள் வைத்த பெயர். வெளியில் அவர் பெரிய பேராசிரியர். இருவரும் ஒன்றாகப் படித்து, ஒரே நோயை ஆராய்ந்து, ஒருவர் கட்டுரையில் மற்றவர் குற்றம் கண்டுபிடித்தே முன்னுக்கு வந்தவர்கள்.

வந்தவர் பெட்டியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு திரையை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போனார். அங்கேயே நின்றார். அவருடைய நிழல் படத்தில் பாதியை மறைத்ததால் இயக்குநர் இரண்டு தடவை செருமினார். ஒட்டடை திரும்பி வந்து டீச்சரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"இந்தப் படத்தை எத்தனையோ வருஷமா என் பசங்களுக்குக் காட்டறேன். புத்தகத்துல தீப்பெட்டி அளவுல இருக்கும். சுவர் அளவுக்கு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

மோவாயைத் தூக்கித் திரையிலிருந்த அந்தக் குமிழைக் காட்டினார்.

"மயங்கிட்டானா?" என்றார்.

"ஸ்பிரிட் வச்சதுமே."

ஒட்டடை கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பரம எதிரியே அழுகிறாரே என்று பின்வரிசையில் நெகிழ்ந்துபோனார்கள்.

"காலேஜ்லயே அப்படித்தான். தடுப்பூசி போட வரிசையில நின்னா, எனக்கு முன்னாடி நின்னவன் என் மேலயே சாஞ்சான்."

"எல்லார்கிட்டயும் சொல்லப் போறீங்களா சார்?"

"நானா? என் புத்தகத்துல இதே படத்துக்குக் கீழ 'ஆரோக்கியமான ஆண்'னு போட்டிருக்கேன். மூணு பதிப்பு வந்தாச்சு டீச்சர்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கேட்டார். "ரொம்ப வலிச்சுதா?"

இத்தனை காலத்தில் அதை ஒருத்தர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"எழுந்து நடக்க ரெண்டு நாளாச்சு. குளிர் வந்தா இப்பவும் சொல்லும்."

"அவன் கேட்பானா?"

"கேட்க மாட்டார். மழை பிடிச்சா சுடுதண்ணிப் பையை ரொப்பி, கட்டில்ல நான் படுக்கிற பக்கம் வச்சிட்டுப் போயிடுவார். யார் வச்சதுன்னே தெரியாத மாதிரி பேப்பர் படிச்சிட்டிருப்பார்."

ஒட்டடை தலையை ஆட்டிக்கொண்டார்.

இயக்குநர் மைக்கில் அவளை அழைத்தார். டீச்சர் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, இடுப்பு சொன்னபடி கேட்ட பிறகு நடந்தாள். கூடத்தில் சத்தம் அடங்கியது.

"இந்தப் படத்துல இருக்கறது அவரோட மஜ்ஜை இல்ல," என்றாள், வகுப்பில் கணக்கைத் திருத்துகிற குரலில். "என்னோடது."

அடுத்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் மயங்கிட்டார். இரண்டே வார்த்தைதான், இயக்குநர் கேட்ட கணக்குக்கும் சரியாக இருந்தது. பெட்டியைப் பார்த்தாள். பஞ்சு வைத்த மூக்கும் மூடிய கண்ணுமாக, அன்றைக்கு அந்தக் கட்டிலில் கிடந்த அதே கோலத்தில் இருந்தார். எவன் சிரிப்பான் என்று கேட்டாரே. இப்போது முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிக் கேட்கவா முடியும்?

அவள் நிறுத்திய இடத்தில் இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா!" அவர் குரல் தழுதழுத்தது. "கணவருடைய மஜ்ஜை என்னுடையது என்கிறார். அவர் வேறு, நான் வேறு இல்லை என்கிறார். இதற்கு மேல் இல்லறத்துக்கு ஓர் இலக்கணம் உண்டா?"

கைதட்டக் கூடாத இடம் என்பதை மறந்து சிலர் தட்டிவிட்டார்கள். இயக்குநர் பெருந்தன்மையோடு மைக்கைத் திரும்ப நீட்டினார். "இன்னும் ஏதாவது சொல்றீங்களா மேடம்?"

டீச்சர் முன்வரிசையைப் பார்த்தாள். ஒட்டடை மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். படத்துக்காகவும் இல்லை, பெட்டிக்காகவும் இல்லை. அவளைப் பார்த்தபடி.

"இல்ல," என்றாள். "அவ்வளவுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மகன் அவள் கையைப் பிடித்தான். "பிரமாதம்மா. இவ்வளவு கவித்துவமா பேசுவேன்னு தெரியாது."

"எனக்கும்தான்," என்றாள்.

வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மூடியை வண்டியில் ஏற்றும்போது போட்டுக்கொள்ளலாம் என்று, திறந்த பெட்டியை ஆறு பேர் இடுப்பளவில் தூக்கி நடுவழியாகக் கொண்டுவந்தார்கள். புரொஜக்டரை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன் எதிரே வந்ததும் முன்னால் நடந்தவரின் காலில் வயர் சிக்கியது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். திரையில் இருந்த படம் வெள்ளைச் சட்டைகளின் மேலும் பூக்களின் மேலும் டாக்டரின் முகத்தின் மேலும் இறங்கியது. கன்னத்தில் இளஞ்சிவப்பு, நெற்றியில் ஊதா வட்டங்கள். புருவத்துக்கு மேலே அந்தக் குண்டூசித் தலை.

"அணைச்சிடவாம்மா?" என்று ஊழியர் கேட்டார்.

டீச்சர் பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"வயரை எடுக்கிற வரைக்கும் இருக்கட்டும்," என்றாள்.