வர்ஜீனியாவுக்கு நாற்பது ஜாடிகள்

விருத்தாசலத்தில் ராஜாங்கத்தின் செராமிக் பட்டறைக்கு அகல் விளக்கும் பொம்மையும் கேட்டுத்தான் ஆர்டர் வரும். இந்த மாசியில் வந்தது வேறு மாதிரி. அமெரிக்காவில், வர்ஜீனியாவில் உள்ள ஒரு மியூசியத்தின் கடைக்கு நாற்பது டீ ஜாடிகள் வேண்டுமாம். இருநூற்று அறுபது வருஷத்துக்கு முந்தைய ஜாடி ஒன்றின் நகல். அதன் வயிற்றில் 'முத்திரைச் சட்டம் வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுத வேண்டும். பட்டறையில் எழுத்து வேலை கொளஞ்சியப்பனுடையது.

வர்ஜீனியா என்றதும் அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். அவன் மனைவி பிரபா அங்கேதான் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஐந்து வருஷம். இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. புறப்படும் சமயத்தில் அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நீ போ, நான் பின்னால் வருகிறேன் என்று அவளை அனுப்பிவைத்தவன் அவன்தான். அப்பா போன ஆடியில் காலமானார். அதற்கப்புறமும் அவன் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் வாங்க என்று கூப்பிடவில்லை. அங்கே அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது, நாம் எதற்கு என்று இவனுக்கு ஒரு எண்ணம். சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்பதோடு போன் பேச்சு முடிந்துவிடும்.

ஆர்டரோடு வந்த குறிப்பை ராஜாங்கம் படித்துச் சொன்னார். அப்போது வர்ஜீனியா இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்தது. கவர்னரை அவரே அனுப்புவார். நிலபுலம் உள்ளவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு சபை உண்டு. ஆனால் சபை நிறைவேற்றியதைக் கவர்னர் தள்ளிவிடலாம். அடிமைகள் பாடுபட்டு விளைவித்த புகையிலை கப்பலேறி லண்டன் போகும். துணியும் ஊசியும் பீங்கானும் அங்கிருந்து வரும். பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் இங்கிலாந்து முத்திரைச் சட்டம் போட்டு வரி கேட்டபோது ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பை ஜாடியில் எழுதி அவர்களுக்கே விற்றதும் இங்கிலாந்துக்காரர்கள்தான்.

"எதிர்ப்பக் கூட அவங்ககிட்டதான் வாங்கியிருக்காங்க" என்று ராஜாங்கம் சிரித்தார்.

அன்றைக்குப் போனில் கொளஞ்சியப்பன் இதைச் சொன்னபோது பிரபா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மியூசியம் தனக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான் என்றாள். அடுத்த லீவு நாளில் கிளம்பிப் போய், அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே பட்டறையில் விளக்குப் போட்டாகிவிட்டது. அங்கே காலை வெயில். பழைய ஊர் ஒன்றையே மியூசியமாக வைத்திருந்தார்கள். செங்கல் வீடுகள், கவர்னர் மாளிகை, பழைய அச்சுக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு வீட்டுக்குள் அந்தக் கால உடுப்புப் போட்ட அம்மாள் ஒருத்தி கடிதம் வாசித்துக்கொண்டிருந்தாள். புகையிலை வியாபாரத்துக்காக லண்டன் போன புருஷனுக்கு ஒரு பெண் எழுதியதாம். கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம், பதில் வர இரண்டு மாதம். செருப்பு, ரிப்பன், ஊசி, தேயிலை என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறாள். கேட்டதெல்லாம் கப்பலில் வந்திருக்கிறது.

"கடைசில அவரு வந்தாரான்னு கேட்டேங்க" என்றாள் பிரபா. "வான்னு அவ ஒரு கடுதாசியிலயும் எழுதலயேன்னு அந்தம்மா சொல்றாங்க."

சூளையில் காற்று இரைந்தது.

"பிரபா, நான் அங்க வரட்டுமா, இல்ல நீ வந்துடுறியா?" என்றான் கொளஞ்சியப்பன். "எதுன்னாலும் சரி. தனியா இருக்க முடியல."

திரையில் செங்கல் பாதை மட்டும் தெரிந்தது. அவள் போனைத் தாழ்த்தியிருந்தாள்.

"மாமா போனதுலேர்ந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். வூட்டுக்கு வரேங்க. மார்கழியோட அக்ரிமெண்ட் முடியுது."

பங்குனியில் ஜாடிகள் வைக்கோலுக்குள் பொதிந்து சென்னைக்குப் போயின. கொளஞ்சியப்பனுக்கு அதன்பிறகுதான் ஏக்கம் முற்றியது. ஐந்து வருஷம் தாங்கிய தூரத்தை, வருகிறாள் என்று தெரிந்தபின் பத்து மாதம் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணாடம் பஸ்ஸில் நின்றுகொண்டே அவளிடம் போனில் பேசுவான். இறங்கி வீடு வந்த பிறகும் பேச்சு முடியாது.

மார்கழிக் கடைசியில் அவள் வந்தாள். விமான நிலைய வாசலில் அவனை ஏற இறங்கப் பார்த்து, "எளைச்சிட்டீங்க" என்றாள். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.