அவகாசம் உள்ளவர்கள்

காலை பத்து மணிக்கு வாசகசாலையில் வந்து உட்கார்ந்த அதிகாரி பதினொன்றேகாலுக்குள் மூன்று சாயா குடித்துவிட்டார். எதிரே வரிசையாகப் போட்டிருந்த இருபது நாற்காலிகளில் ஒன்றில்கூட ஆள் இல்லை. ரஹீனா கடிகாரத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தாள்.

கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சுக்குக் கிட்டங்கி இருநூறு வருடத்துக் கட்டடம். கீழே ஒரு காலத்தில் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மாடியில் பலகை அடித்துப் பிரித்த அறைகளில் இப்போது பதினோரு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, ரஹீனாவின் குடும்பத்தையும் சேர்த்து. அந்தக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து உள்ளே மியூசியம் வைக்கப்போகிறது அரசு. வைக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் பதினெட்டாம் தேதி வாசகசாலைக்கு வந்து அதிகாரி முன்னால் தங்கள் உரிமையைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்களுக்கு மாற்று வீடு கிடைக்கும். செய்யாதவர்கள் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இன்றுதான் பதினெட்டு. ஒரு மணிக்கு அதிகாரி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ரஹீனா அந்த வாசகசாலையில் தற்காலிக உதவியாளர். அரசு அறிவிப்புகளை அந்தந்தப் பகுதி மக்களின் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று நூலகங்களுக்கு உத்தரவு வந்ததிலிருந்து தமிழ்ப் பலகை அவள் பொறுப்பு. ரேஷன் கார்டு திருத்தமோ தடுப்பூசி முகாமோ, மலையாளத்தில் வருவதைத் தமிழாக்கி, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து உம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. "ரெண்டு பாஷையும் வெள்ளம் போல அறியும்" என்று நூலகர் நாணு சேட்டன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த அறிவிப்பையும் அவள்தான் எழுதினாள். பத்து நாளாகப் பலகையில் இருக்கிறது. கொட்டை எழுத்தில் எழுதியாகிவிட்டது, வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேறு வேண்டுமா என்று விட்டுவிட்டாள். இன்று காலை பத்து மணிக்கு முதல் ஆளாகத் தன் பேப்பரைக் கொடுத்தாள். அதிகாரி ஒன்றாம் நம்பர் போட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் நம்பர் வருகிற வழியைக் காணோம்.

"எந்தா ரஹீனா, நின்றெ ஆள்க்காரொக்கெ எவிடே?" என்று காலி நாற்காலிகளைக் காட்டினார் நாணு சேட்டன்.

"நானும் அதைத்தான் கேக்கப்போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு சந்து தள்ளித்தான் கிட்டங்கி. போகிற வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனாள். என்ன ஜனங்கள் இவர்கள்! கல்யாண வீட்டுச் சாப்பாடென்றால் அழைக்காமலே முதல் பந்தியில் உட்காருவார்கள். தலைக்கு மேல் இருக்கிற கூரை போகப்போகிறது என்றால் ஒருத்தருக்கும் கால் எழவில்லை. நாளைக்குத் தெருவில் நிற்கும்போது மட்டும் "ரஹீனா, ஒரு மனு எழுதிக் குடு" என்று வந்துவிடுவார்கள்.

மாடியில் மாயம்மாள் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போய் மல்லித்தழையும் கறிவேப்பிலையும் விற்றுவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். பக்கத்து அறை வாசலில் கொத்தனார் சங்கிலிப்பாண்டி காலில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற கதவுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன.

"மாயக்கா, உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?" ரஹீனா வாசலிலேயே ஆரம்பித்தாள். "அங்க ஆபீசரு ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்காரு. நீங்க இங்க கப்பை தின்னுட்டு இருக்கீங்க!"

மாயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஆபீசரு?"

"எந்த ஆபீசரா? பலகையில எழுதி ஒட்டுனேனே, பாக்கலையா?"

"பாக்காம என்ன? எல்லாரும்தான் பாத்தோம். அதுக்கு எங்களுக்கு ஏது புள்ளே நேரம்? வேலவெட்டி இல்லாதவுக போவாகன்னு விட்டுட்டோம்."

ரஹீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலை இல்லாதவங்களா? அப்படி யாரு சொன்னா?"

"நீதானே எழுதியிருக்கே" என்றார் சங்கிலிப்பாண்டி. போனில் படம் எடுத்து வைத்திருந்தார். எட்டாம் வகுப்புவரை கோவில்பட்டிப் பக்கம் தமிழில் படித்தவர், கணீரென்று வாசித்தார். "சுக்குக் கிட்டங்கி கட்டடத்தில் குடியிருப்போருக்கு அவகாசம் உண்டு. அவகாசம் உள்ளவர்கள் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வாசகசாலைக்கு வந்து அதிகாரியைச் சந்திக்கவும்."

"சரியாத்தானே இருக்கு" என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் அவகாசம் என்றால் நேரம், ஓய்வு. உரிமை உள்ளவர்கள் வர வேண்டும் என்று அரசு சொன்னதை, சும்மா இருக்கிறவர்கள் வந்து போங்கள் என்று அவள் எழுதி ஒட்டியிருக்கிறாள். உரிமை என்ற சொல் அவளுக்குத் தெரியாததா? அன்றைக்கு மலையாளத் தாளைப் பார்த்து எழுதிய வேகத்தில் அந்தச் சொல் அப்படியே தமிழ் எழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏண்ணே, முப்பது வருசமா இங்க இருக்கீங்க. இவங்க அவகாசம்னு சொல்றது எதைன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"மலையாளத்துல எழுதியிருந்தா மலையாளமாப் படிச்சிருப்போம். தமிழ்ல எழுதுனே, தமிழாப் படிச்சோம்."

ரஹீனா அவர் போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு தடவை வாசித்தாள்.

மாயம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நீ குடுத்துட்டியா?"

"என்னது?"

"உன்னோட பேப்பரு."

"குடுத்துட்டேன்" என்றாள் ரஹீனா.

மாயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்தாள். அவளுடைய பார்வையில் இருந்தது சந்தேகம் என்பது ரஹீனாவுக்கு நன்றாகவே புரிந்தது. இருபது வருடமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். தனக்கு மட்டும் விவரமாக வாங்கிக்கொண்டு எங்களுக்கு மாற்றி எழுதிவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. ரஹீனாவுக்கு அழுகைதான் வந்தது. அழ நேரமில்லை. மணி பன்னிரண்டாகிவிட்டது.

பூட்டியிருந்த கதவுக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். இசக்கிராஜா தேவராவில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தான், மூன்று மணிக்கு முன்னால் நகர முடியாது. பாண்டிச்செல்வி போர்ட் கொச்சி ஹோட்டலில், முதலாளி விடமாட்டார். பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் மாயம்மாளையும், நொண்டிக்கொண்டு வந்த சங்கிலிப்பாண்டியையும் மட்டும் கூட்டிக்கொண்டு வாசகசாலைக்குள் நுழைந்தபோது அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு பேர் சரி, எழுதிக்கலாம்" என்றார் அவர். "பாக்கி எட்டுப் பேர் வரலைன்னா ஞான் எந்து செய்யும்? நோட்டீஸ் முறைப்படி ஒட்டியாச்சு. இனி வேற நாள் கிடையாது."

"நோட்டீஸ் தப்பு சார்" என்றாள் ரஹீனா.

நாணு சேட்டன் சட்டென்று அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "மோளே, நீ எதுக்கு இதுல கேறித் தலையிடணும்? நின்றெ பேப்பர் ஓகே ஆயாச்சில்லே?"

அவள் கேட்காதவள்போல் பலகையைக் காட்டி அறிவிப்பை உரக்க வாசித்தாள். அதிகாரி கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

"இது சரியாணல்லோ! அவகாசமுள்ளவரல்லே வரேண்டது?"

ரஹீனாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தப்பு என்று புரிய வேண்டிய ஒரே ஆளுக்கு அது சரியாகக் கேட்கிறது!

தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்றாள். ஆதாரம் உண்டா என்றார். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்த தமிழ் அலமாரியைத் திறந்து, அட்டை போன அகராதி ஒன்றைத் தூசி பறக்க எடுத்து வந்தாள். தமிழில் எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து வரும் என்று அவள் விரல்விட்டுத் தடுமாறுவதைப் பார்த்துச் சங்கிலிப்பாண்டி பிடுங்கிப் புரட்டினார். "இந்தா. அவகாசம். ஓய்வு, நேரம்."

அதிகாரி அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். "எனக்குத் தமிழ் வாசிக்கான் அறியில்லா. மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையொப்பமிட்டுத் தரணும். இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரு?"

நாணு சேட்டன் கூரையைப் பார்த்தபடி, "ரஹீனா" என்றார்.

ஆக, ரஹீனா செய்தது தப்பு என்று ரஹீனாதான் சான்று தர வேண்டும். எழுதினாள். மேற்படி அறிவிப்பின் மொழிபெயர்ப்பு பிழையானது, அதனால் குடியிருப்போர் தவறாகப் புரிந்துகொண்டனர், பிழைக்கு நானே பொறுப்பு. கீழே மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு கையெழுத்து. பிழை செய்தவர் என்று ஒரு கோடு போட்டு, அதற்கும் ஒரு கையெழுத்து கேட்டார் அதிகாரி. போட்டாள்.

அதிகாரி இரண்டு தரம் வாசித்தார். "சரி. நோட்டீஸ் செல்லாது. புதுசா ஒட்டி, ஒரு மாசம் கழிச்சு முதல்லேர்ந்து நடத்தணும்." பிறகு கையை நீட்டினார். "ஒன்றாம் நம்பர் பேப்பர்?"

"அது எதுக்கு சார்? அதை நீங்க ஏத்துக்கிட்டீங்களே."

"நோட்டீஸ் செல்லாதுன்னா அதுவும் செல்லாது."

நாணு சேட்டன் உச்சுக்கொட்டினார். ரஹீனா கைப்பையைத் திறந்தாள். கணவன் நஜீம் சாயங்காலம் திருப்பூணித்துறையிலிருந்து வந்ததும் முதலில் கேட்கப்போவது இந்தப் பேப்பரைத்தான். மடிப்பைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரி முத்திரைக்கு மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். ஒரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

மாயம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உன்னோடதும் போச்சா?"

"போச்சு மாயக்கா. இப்ப சந்தோசமா?" என்று வெடித்தாள் ரஹீனா. "உங்களுக்கு இப்ப திருப்திதானே?"

"ஆமா" என்றாள் மாயம்மாள். ஒளிக்காமல் சொன்னாள். "இப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. நீ எங்கள விட்டுட்டுப் போகப்போறேன்னு நெனச்சேன்."

ரஹீனா வாசகசாலைப் படியிலேயே உட்கார்ந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.