ஐந்தாம் பாகத்தில் பேசியவன்

“மத்த எட்டுப் படத்துலயும் அவன் இடி இடிக்கிற மாதிரி பேசறான். இந்த அஞ்சாவதுல மட்டும் ஜலதோஷம் பிடிச்ச குமாஸ்தா மாதிரி முனகறான். ஏம்மா, ஒரு உளவாளிக்குப் போய் இப்படிக் குரல் வைப்பாங்களா?”

“படமே அப்படித்தான் சார். இதுல அவன் ஒரு தடவைகூடச் சுடல.”

“அதைத்தான் நானும் சொல்றேன். சுடுவான் சுடுவான்னு உக்காந்திருந்தவன் எல்லாம் கொட்டாவி விட்டுட்டுப் போனான்.”

டப்பிங் கூடத்தின் மேனேஜர் சுழல்நாற்காலியை அரை வட்டம் திருப்பிச் சிரித்தார். ஒலித்தொகுப்பாளரான அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் டப்பிங் ஆன அந்த ஆங்கில உளவாளிப் படத்தின் ஒன்பது பாகங்களும் சேர்ந்து ஒரு புது சேனலுக்குப் போகின்றன. எல்லாவற்றிலும் நாயகனுக்கு ஒரே குரல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

“ஒரு காட்சி சொல்றேன் சார். டெலிபோனை எடுப்பான். யாரை நம்பறதுன்னு தெரியாது. ‘நான்தான்’னு சொல்ல வாயெடுத்து நிறுத்திடுவான். மத்த படங்கள்ல அடுத்து என்ன நடக்கும்னு அவனுக்குத் தெரியும், அதனால நமக்கும் தெரிஞ்சு போயிடுது. இதுல அவனுக்கே தெரியல. அவன் பயப்படறதைப் பார்த்துத்தான் எனக்கு அவன் மேல நம்பிக்கையே வந்துச்சு.”

“உங்க அண்ணன் பேசினதுங்கிறதால சொல்றே.”

“அதுவும்தான்.”

மேனேஜர் குரலைத் தணித்தார். “எனக்கு ஒண்ணுதான் புரியல. மத்த எட்டுக்கும் குரல் கொடுத்த நம்ம சிங்கம் இந்தப் படத்துக்கும் முழுசாப் பேசியிருக்காரு. நேத்துப் பழைய பெட்டியைக் குடைஞ்சப்ப கிடைச்சுது. அவ்வளவு பெரிய ஆளை ஒதுக்கிட்டு இதை ஏன் போட்டாங்க? யோசிச்சு வச்சதுதான்னு அன்னைக்கு இருந்தவங்க யாராவது எழுதிக் கொடுத்தா நான் சேனல்கிட்டப் பேசறேன். கைதவறிப் போச்சுன்னா மாத்தியே ஆகணும். நாளைக்கு மதியம் வரைக்கும் டைம்.”

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய குரல்காரர் வருவதற்கு முன்னால் வேறு யாரையாவது உட்காரவைத்து, வசனம் உதட்டசைவுக்குள் அடங்குகிறதா என்று ஒரு தடவை பேசவைப்பார்கள். அதற்குப் பைலட் என்று பெயர். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டியது. அந்த முறை பைலட் பேச அவள்தான் அண்ணனை அழைத்து வந்தாள். அவன் தாளை அப்போதுதான் பார்த்தான். ஒவ்வொரு வரியையும் தட்டுத்தடுமாறி, அடுத்தது என்னவோ என்று பயந்து பயந்து படித்தான். இரண்டு பதிவுக்கும் அவள் ஒரே எண்ணைப் போட்டுவைத்தாள். அனுப்பும் அவசரத்தில் சிங்கத்தின் பதிவு பெட்டியிலேயே தங்கிவிட, பைலட் தியேட்டருக்குப் போய்விட்டது. மேற்பார்வையாளர் அதே மாதம் வேறு இடத்துக்குப் போய்விட்டார். கேட்பாரில்லை.

படம் வெளியான அன்று, முதல் காட்சியில் தன் குரல் திரையிலிருந்து வந்ததும் அண்ணன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். “என்னையே வச்சுட்டாங்கடி” என்றான். அவள் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு அவனுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ‘ஓடு’, ‘பிடி’ என்று கத்துகிற வேலைதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பிறந்த மகள் அப்பா பேசிக் கேட்டது அந்த ஒரு படத்தில்தான். டிவியில் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் டெலிபோனை எடுத்தால் போதும், “அப்பா பேசறாங்க, சத்தம் போடாதீங்க” என்று வீட்டையே அடக்கிவிடுவாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். குழந்தை மழலையர் பள்ளியில் இருந்தது. எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைத்து, சேனல் கேட்டதையும், சிங்கத்தின் பதிவு கிடைத்ததையும், நாளை மதியம் வரை கெடு என்பதையும் கடகடவென்று ஒப்பித்தாள். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதையும் சொன்னாள். பதிவு ஏன் பெட்டியில் தங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் சிலேட்டை மடியில் வைத்து, சாக்பீஸ் கிரீச்சிட எழுதினான்.

“சிங்கமும் பேசியிருந்தாரா? எனக்குத் தெரியாதே.”

“ஆமாண்ணா.”

அவன் முகம் மலர்ந்தது. துடைத்துவிட்டு வேகமாக எழுதினான். “அப்போ ரெண்டையும் கேட்டுப் பார்த்துத்தான் என்னை எடுத்திருக்காங்க.”

அவள் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் நிரம்பி மேஜையில் வழிந்தது. அண்ணன் துண்டை எடுத்துத் துடைத்தான். பிறகு சிலேட்டையும் அதே துண்டால் துடைத்துவிட்டு, இந்த முறை நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதி அவள் பக்கம் திருப்பினான்.

“அப்படி எடுத்தவர் எழுதிக் கொடுத்தா போதுமில்ல? நீ அப்போ அங்கதானே இருந்தே. அது யாருன்னு சொல்லு. நான் போய்க் கேட்கிறேன்.”