நடக்க விடாத ரோடு

அரை மணி நேரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஒருத்தி ஊரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஏழாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நூற்று ஐம்பத்தெட்டு. நர்ஸ் காவ்யா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சோறு குறைவு, கீரையும் சுண்டலும் முட்டையும் நிறைய, இனிப்புப் பக்கமே போகக் கூடாது, தினமும் அரை மணி நேர நடை.

"ரெண்டு வாரம் பாப்போம் மோகனப்ரியா. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு நூத்தி இருபதுக்குக் கீழ வந்தா தப்பிச்சீங்க. வரலைன்னா பிரசவம் வரைக்கும் இன்சுலின் ஊசிதான்."

ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். காது குத்தின அன்றைக்கு மயங்கி விழுந்து, தாய்மாமன் மடியிலேயே வாந்தி எடுத்தவள் நான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சர்க்கரை குறையாவிட்டால் பிள்ளை வயிற்றுக்குள் அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்கிவிடலாம் என்றும் காவ்யா சொன்னார். அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். என்னால் என் பிள்ளைக்கு ஒரு கேடு வரக் கூடாது.

சாப்பாட்டைச் சமாளித்துவிட்டேன். என் மாமியார் பொன்னுத்தாய் அத்தை, "ரெண்டு உசுருக்குத் திங்க வேண்டியவ கோழி மாதிரி கொத்துறா" என்று முனகிக்கொண்டே தட்டில் சுண்டலை வைத்தார். ரோடுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு குன்றாண்டார்கோவில் ரோட்டில் இறங்கினேன். இருநூறு அடி போவதற்குள் ஒரு பைக் நின்றது.

"ஏத்தா, புள்ளத்தாச்சி நடந்து போறியே, ஏறு."

"இல்லண்ணே, சும்மா நடக்குறேன்."

"சும்மா யாராச்சும் நடப்பாங்களா?"

அந்த மனுஷன் போகவே இல்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு என் பக்கத்திலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். வெட்கம் தாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் பால் வண்டி நின்றது. மூன்றாம் நாள் டவுன் பஸ்ஸே நின்றுவிட்டது. ஸ்டாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டுநர் ஆத்மநாதன் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கெடையாது, எதுக்கும்மா நடக்குற? ஏறு!"

"நீங்க எடுங்கண்ணே, நான் நடந்தே வாரேன்."

"ஒன்ன இப்படி ரோட்டுல விட்டுட்டுப் போனா அந்தப் பாவம் என்னையில்ல பிடிக்கும்?"

ஜன்னலுக்கு ஒரு தலையாகப் பஸ்ஸே என்னை எட்டிப் பார்த்தது. ஒரு அக்கா இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றி, தன் சீட்டையும் கொடுத்தார். கோவில் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். அன்றைக்கு நான் நடந்தது முந்நூறு அடி, பஸ்ஸில் போனது எட்டுக் கிலோமீட்டர்.

ஐந்தாம் நாள் எனக்கு வீம்பு வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். எங்கள் பக்கத்தில் புள்ளத்தாச்சி ஒருத்தி இப்படித் தனியாக நடந்தால், மாமியாரோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் அர்த்தம்.

நான் வீடு திரும்பியதும் குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் கோபிநாத் கூப்பிட்டார். "என்னடி, வீட்ட விட்டுப் போயிட்டியாமே?"

"வீட்லதான் இருக்கேன். சுண்டல் தின்னுக்கிட்டு இருக்கேன்."

போனை வைப்பதற்குள் வாசலில் ஒரு வேன் நின்றது. குடுமியான்மலையிலிருந்து அப்பா உடையப்பன், இரண்டு சித்தப்பாக்களோடு இறங்கினார். "எம் மகள நடுரோட்டுல நடக்க விட்டுட்டீங்களே சம்பந்தி!"

அத்தை கொதித்துவிட்டார். "நானா விட்டேன்? அவளாத்தான் தெனமும் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்புறா! இனிமே நடை கிடைன்னு வாசலத் தாண்டுனா காலை ஒடிச்சுப்புடுவேன்!"

என் பொறுமை அத்தோடு போயிற்று. காவ்யா எழுதிக் கொடுத்த தாளை அப்பா கையில் திணித்தேன். "சத்தமா வாசிங்க! அடுத்த வாரம் சர்க்கரை குறையலைன்னா ஊசி. எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா, இந்த ஊரு பூரா வண்டிய நிறுத்தி ஏறுன்னு சொல்லுமா?" அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். அப்பா வாசித்து முடித்தார். தாளை மடித்து அத்தையிடம் கொடுத்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் வாசலுக்கு வந்தபோது அத்தை எனக்கு முன்னால் நின்றிருந்தார். கண்டாங்கிச் சேலை, அதற்குக் கீழே மகன் போன லீவில் விட்டுப்போன ஷூ.

"நானும் வாரேன். மாமியாக்காரி பக்கத்துல வந்தா எவன் என்ன பேசுறான்னு பாப்போம்."

பஸ் வந்தது, நின்றது. ஆத்மநாதன் அண்ணன் கேட்டார், "என்னக்கா, மருமகள சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாறீங்களா?"

"வாக்கிங் போறோம்டா! டாக்டர் சொல்லியிருக்கு. ஒனக்குந்தான் தொப்பை ஸ்டியரிங்ல இடிக்குது, எறங்கி வா!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு ஒரு வண்டியும் எங்களை நிறுத்தவில்லை.

அத்தைக்குக் கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அப்படி ஒருநாள் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று சொன்னார். "கோபிய வயித்துல வச்சிருந்தப்ப நான் நெசமாவே கோவிச்சுக்கிட்டுப் போனேன். இதே ரோட்டுல, நார்த்தாமலைக்கு, எங்க ஆத்தா வீட்டுக்கு. பாதி தூரம் நடந்தேன். ஒரு சைக்கிள்கூட நின்னு என்னான்னு கேக்கல."

"அப்புறம் அத்தே?"

"அப்புறம் என்ன, பசிச்சுச்சு. திரும்பி வந்து சோறாக்குனேன். நான் போனதே வீட்டுல யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடு, வேர்க்குது" என்றார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "ஊசின்னா எறும்புக்கடி மாதிரித்தான், போட்டுக்கலாம்" என்று வழியெல்லாம் தைரியம் சொல்லி வந்த அத்தை, எல்லாச் சாமியையும் வாய்க்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காவ்யா வந்தார். "நூத்திப் பன்னெண்டு. ஊசி வேண்டாம்."

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அத்தை காவ்யாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இத உள்ள இருந்தே ஒரு சத்தம் குடுத்தா என்ன? ஒக்கார வச்சு உசுர எடுக்குறீங்க!"

"இத்தோட விட்டுடாதீங்க" என்றார் காவ்யா. "பிரசவம் வரைக்கும் தெனமும் நடக்கணும்."

அத்தை இத்தனை நாளும் முட்டி வலிக்கிறது என்று புலம்பாத காலைப்பொழுது கிடையாது. "ஒங்க முட்டிதான் பாவம் அத்தே. இனி வண்டி எதுவும் நிக்காது, நான் தனியாவே நடந்துக்கிறேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. காவ்யாவிடம் கேட்டார். "ஏம்மா, புள்ள பெத்து எந்திரிச்சதுக்கு அப்புறமும் இவ நடக்கணும்ல?"

"நடந்தா நல்லதுதாம்மா."

"அப்பாடா" என்றார் அத்தை.